பதினோராம் மாடிக்கு ஏறி வந்தவர்

கனடாவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த கட்டடத்தில் இரண்டு எலிவேற்றர்கள். ஒன்று எப்போதும் பழுது, மற்றது அடிக்கடி பழுது. இரண்டும் சேர்ந்து படுத்துவிட்ட ஒரு கிழமையில்தான் அந்தப் பெண்மணி எங்கள் கதவைத் தட்டினார். எங்கள் பகுதியின் நகரசபை உறுப்பினர், தேர்தலுக்கு ஆதரவு கேட்டு வந்தவர். பதினொரு மாடியும் படியேறிய முகம் தக்காளிப்பழம் போலச் சிவந்திருந்தது. உள்ளே கூப்பிட்டு இருத்தினோம். மனைவி கொடுத்த தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டு, எங்கள் தொலைபேசியிலேயே கட்டட மனேச்சரை அழைத்து, மிக மரியாதையான ஆங்கிலத்தில் கிழி கிழியென்று கிழித்தார். அந்தக் கிழமை முடியுமுன் எலிவேற்றர் ஓடியது.

அன்று முதல் அவர் எங்கள் ஆள். வேலை முடிந்து வந்தபிறகு அவருடன் வீடு வீடாகப் போய் மொழிபெயர்த்தேன். எனக்கு அவரிடம் ஒரேயொரு அலுவல்தான் இருந்தது. என் அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் தனியே கிடந்தார். அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் பண்ணிய விண்ணப்பம் எங்கோ போய் இறுகிவிட்டது. சோதனையென்று பொலிஸ் கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும் அம்மா தொலைபேசியில் அழுவார். நான் வேலைசெய்த உணவகத்தின் குசினிக்குள் சட்டி கழுவிக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

கேட்டேன். "அது ஒட்டாவாவின் வேலை, மத்திய அரசாங்கத்தின் வேலை. குப்பை, றோட்டு, பனி, கட்டடம், இவ்வளவும்தான் என் கையில்" என்றார். எங்களுக்கு இது விளங்கவில்லை. ஊரில் எம்.பி. ஒரு துண்டு எழுதித் தந்தால் ஆசுப்பத்திரிக் கட்டிலிலிருந்து அரசாங்க உத்தியோகம் வரை கிடைக்கும். செல்வாக்குள்ளவர் 'என் கையில் இல்லை' என்று சொன்னால், இன்னும் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் சரி என்பதுதான் எங்கள் கணக்கு.

"அண்ணை, உவவை எம்.பி.யாக்கி ஒட்டாவாவுக்கு அனுப்பினமெண்டால் உங்கட அம்மா அடுத்த பிளேனிலை வந்து இறங்குவா" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

அனுப்பினோம். கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கூட்டத்தில் வோட்டுப் போட, கட்சியில் அங்கத்தவராக இருந்தால் போதும், குடியுரிமை தேவையில்லை. தேர்தலில் வோட்டே இல்லாத நாங்கள் மஞ்சள் பள்ளிக்கூட பஸ்களில் ஏறி, உறைபனியில் வரிசை கட்டி நின்று, றோல்ஸைக் கடித்துக்கொண்டு அவரை வேட்பாளராக்கினோம். மண்டபத்தில் மற்றப் பக்கத்தார் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பிறகு பொதுத்தேர்தல். அவர் வென்ற இரவு என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதார். அடுத்த பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்தினோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குத்துவிளக்கு ஏற்றி, 'வணக்கம்' என்றார். கைதட்டல் ஓய நேரம் பிடித்தது.

அவர் சொன்னதைச் செய்தார், அதை மறைக்கக்கூடாது. அவருடைய அலுவலகம் விடாமல் விசாரித்தது. இழுபட்டு இழுபட்டு, கடைசியில் அம்மா வந்து இறங்கினார், சக்கர நாற்காலியில். அந்த அறைக்குள் இருந்து இருந்து முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன.

வந்த அன்று எலிவேற்றர் ஓடியது. பனிக்காலம் தொடங்க இரண்டும் நின்றன. திருத்தினால் சில நாள் ஓடும், பிறகு நிற்கும். இறங்கினால் திரும்பி ஏறலாமா என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்து பார்த்தால், எலிவேற்றர் கதவில் 'பழுது' என்று கடதாசி ஒட்டியிருந்தது. மடக்குக் கதிரையொன்றை நான் முன்னால் கொண்டுபோய் ஒவ்வொரு மாடியிலும் வைக்க, அம்மா கைபிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறி வந்து இருப்பார். மூச்சு வந்ததும் மறுபடி எழும்புவார். ஏழாம் மாடியில், "என்னைக் கொழும்பிலையே விட்டிருக்கலாம் மோனை" என்றார். அதன்பிறகு அவர் கீழே இறங்கவில்லை. கனடாவை ஜன்னலால் பார்த்தார்.

எம்.பி.யின் அலுவலகத்துக்கு அழைத்தேன். எடுத்த பிள்ளை மிகவும் அன்பாகச் சொன்னாள், "அது நகரசபை விஷயம்." நகரசபையில் அவருடைய இடத்துக்கு வந்தவரை அழைத்தால் மெசின்தான் பேசியது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.

அடுத்த பொங்கல் விழாவில் அவரே என்னைக் கண்டு கையைப் பிடித்தார். தோளில் புதுப் பொன்னாடை. "அம்மா சுகமா? வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். வீட்டில் என்றேன், காரணத்தையும் சொன்னேன். அவர் முகம் வாடியது உண்மை. "நான் இன்னும் நகரசபையில் இருந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்திருப்பேன்" என்றார். அதற்குள் யாரோ அவரைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. யாரோடு கோபிப்பது? ஏற்றிவிட்டவர்களே நாங்கள்தானே.

மறுபடி நகரசபைத் தேர்தல் வந்தது. ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. வேட்பாளராக நின்ற எங்கள் தமிழ் இளைஞர் ஒருவர், கோட்டும் சூட்டும், நெற்றியெல்லாம் வியர்வை. படியால்தான் வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டு இருத்தினோம், மனைவி தண்ணீர் கொடுத்தாள்.

"இது முதல் படிதான் அன்ரி. பிறகு மாகாணம், பிறகு ஒட்டாவா. எங்கட சனத்தின்ரை குரல் அங்கை கேக்கவேணும்" என்றார் அவளிடம்.

ஜன்னலோரத்திலிருந்து அம்மா திரும்பினார்.

"தம்பி, நீர் வெண்டால் உந்த நகரசபையிலையே இரும். ஆர் வந்து ஒட்டாவாவுக்குப் போகச் சொல்லிக் கேட்டாலும் மாட்டன் எண்டு சொல்லும். நான் ஒருக்கால் கோயிலுக்குப் போகவேணும்."

இளைஞர் பகிடியென்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணை, உங்களை இந்த பில்டிங்கிலை எல்லாருக்கும் தெரியுமாம். என்னோடை ஒருக்கால் வீடு வீடாய் வருவியளோ?" என்று கேட்டார்.

அன்று இரண்டு வேலை முடித்து வந்திருந்தேன், கால் வீங்கியிருந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்த இளைஞருக்குப் பின்னால் படியில் இறங்கினேன்.