ஒற்றை ஷூவோடு டெல்லிக்கு

சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் எவ்வளவு தூரம் என்று கேட்டால், முனிரத்தினம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொல்வார்: "ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பத்து மணி நேரம்." டெல்லியா? "ஆயிரத்து எழுநூத்தி அறுபது. ரெண்டு மணி அம்பது நிமிஷம்." ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் டிஸ்பாட்ச் பிரிவில் இருபத்தாறு வருடம் இருப்பவர். பிள்ளைகள் வெளிநாடு போகிற வீட்டார் அவரைத்தான் கேட்பார்கள். விமானம் ஏறியதில்லை. அவர் கட்டிய பெட்டிகள்தான் ஏறின.

போன நவம்பரில் ஒருநாள், கம்பெனியிடம் ஷூ வாங்கும் ஜெர்மன் பையர் டெல்லிக்கு வந்திருந்தார். மறுநாள் இரவே ஊர் திரும்புகிறார். அதற்குள் சாம்பிளைப் பார்த்து ஓகே சொன்னால்தான் ஆர்டர். கூரியர் போய்ச் சேராது.

"நீயே போய்ட்டு வாப்பா. உனக்குத்தான் வழியெல்லாம் தெரியுமே" என்றார் மேனேஜர் மக்பூல் அகமது.

"ரெண்டு மணி அம்பது நிமிஷம்தானே சார், சாயங்காலம் டீக்கு வந்துடுவேன்."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஆம்பூரை விட்டார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. விமான நிலையத்தில் பையை எக்ஸ்ரேயில் பார்த்த காவலர், ஒரு ஷூதானா, இன்னொன்று எங்கே என்று கேட்டார். முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. "சாம்பிள் எப்பவும் ஒத்தைக் கால்தான் சார் போவும். வழில எவனும் தூக்கிட்டுப் போவ மாட்டான். இன்னொன்னு ஆம்பூர்ல பத்திரமா இருக்கு."

டெல்லி ஹோட்டலுக்குள் நுழைந்தபோது மணி நான்கு. பையர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வலது காலில் மாட்டினார், எழுந்தார். பிறகு காவலர் கேட்டதையே கேட்டார்.

அப்போதுதான் முனிரத்தினத்துக்கு உறைத்தது. பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஒன்று போதும். நேரில் வந்தவர் நடந்து பார்க்காமல் விடுவாரா? ஒரு காலில் ஆம்பூர், மறு காலில் சொந்த ஷூ என்று பையர் வரவேற்பறையில் இரண்டு சுற்று நொண்டினார். வேலையாட்கள் கைத்தாங்கலாகப் பிடிக்க ஓடி வந்தார்கள்.

இப்படிப் பார்த்துத் தன்னால் எதுவும் சொல்ல முடியாது, இடது கால் வர எவ்வளவு நேரமாகும் என்றார் பையர். அவருடைய விமானத்துக்கு ஐந்து மணி நேரம் இருந்தது.

'ரெண்டு மணி அம்பது' முனிரத்தினத்தின் நாக்கு வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் பையர் காத்திருப்பார், ஷூ வராது, ஆர்டரும் போய்விடும். காலை ஐந்திலிருந்து விரல் விட்டு எண்ணினார்.

"லெவன் அவர்ஸ் சார்."

இந்தியாவில் எல்லோரும் தன்னிடம் 'உடனே' என்றுதான் சொல்வார்கள் என்றார் பையர். பிராங்க்பர்ட்டுக்கே அனுப்பச் சொல்லிவிட்டு, வலது காலைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். மறுநாள் இடது கால் தனியாகப் பறந்தது. அடுத்த வாரம் ஓகே வந்தது.

அதோடு நேரம் சொல்வதில் முனிரத்தினத்துக்கு இருந்த பெயர் கெட்டது. தையல் பிரிவு பாக்யலட்சுமி வந்து, "எண்ணே, தங்கச்சி ஃப்ளைட்ல டெல்லி போறா. எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார்.

"பதினோரு மணி நேரம்."

"இன்னாண்ணே இது! நீ போறதுக்கு முன்னாடி கரெக்டாதானே சொல்லிட்டிருந்தே?" என்று தானே பார்த்துக்கொள்ளச் செல்போனை எடுத்தார் பாக்யலட்சுமி.