சமதரையில் கிளம்பாத லாரி

மேட்டு மாமாவின் லாரி சமதரையில் நின்றால் பிணம் என்பது ஊருக்குள் உலவிய வதந்தி. நாற்பத்தாறு வயது லாரியை அந்த மனிதர் எங்கே நிறுத்தினாலும் மேடு பார்த்துத்தான் நிறுத்துகிறார், கிளப்புவதற்குச் சாவியை நம்பாமல் சரிவை நம்புகிறார் என்றெல்லாம் சொன்னார்கள். விசாரித்துப் பார்த்ததில் ஒரே ஒரு பிழைதான் அகப்பட்டது. லாரிக்கு வயது நாற்பத்தாறு அல்ல, நாற்பத்தெட்டு.

வாடகைக்கு வீடு பார்த்தபோதே வாசலில் சரிவு இருக்கிறதா என்றுதான் மாமா பார்த்தார். தண்ணீர் வருமா என்பதை மனைவி விசாரித்துக்கொண்டார். லாரியின் ஸ்டார்ட்டர் ஆறு வருடங்களுக்கு முன் உயிரை விட்டது. அந்த மாடலுக்கு உதிரிபாகம் இல்லையென்று எல்லாக் கடைக்காரர்களும் கையை விரித்தார்கள். மாமா அசரவில்லை. பிரேக்கை விட்டால் வண்டி உருளும். உருளும்போது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் இருமிக்கொண்டே எழுந்துவிடும். முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றியும் கிளப்பலாம். ஆனால் மேடு இருக்கும் தைரியத்தில் அந்தக் கைப்பிடி வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாளாகப் பதவி மாறி வெகுநாளாகிவிட்டது.

தகுதிச் சான்று முடிய ஒரு நாள் இருந்தது. புதுப்பித்துக் கிடைக்காவிட்டால் லாரி எடைக்குத்தான். புது லாரி வைத்திருக்கும் மச்சினன் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பழைய இரும்போட ஏன் மாமா மாரடிக்கிறீங்க? என் வண்டியில ஏதாவது கெட்டுப்போனா அதுவே கம்பெனிக்குச் சொல்லிடும்."

"உன் வண்டி கம்பெனிக்காரன்கிட்ட பேசுது. என் வண்டி என்கிட்ட பேசுது. இதுல யாருடா ஓனர்?"

"நாளைக்குச் சோதனை மைதானம் கேரம் போர்டு மாதிரி இருக்கும். அங்க நிறுத்தி இது கிளம்பட்டும், என் மீசையில பாதிய எடுத்துக்கறேன்."

"எந்தப் பாதி?"

"நீங்களே சொல்லுங்க!"

மாமா நிதானமாகப் பார்த்தார். "இடது. அந்தப் பக்கம்தான் அடர்த்தி."

மறுநாள் மனைவியும் "நானும் வர்றேன்" என்று ஒரு துணிமூட்டையோடு லாரியில் ஏறிக்கொண்டார். எதற்கு என்று கேட்கும் தைரியம் மாமாவுக்குக் கல்யாணமான புதிதிலேயே போய்விட்டது.

பிரேக், விளக்கு, புகை எல்லாம் தேறின. கடைசியில் அதிகாரி, "எஞ்சினை அணைச்சுட்டு மறுபடி கிளப்புங்க" என்றார். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை எதற்கு அணைக்கச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் வந்திருந்த மாமா சுற்றுமுற்றும் மேடு தேடினார். அணைத்தார். சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. வேடிக்கை பார்க்க வந்த மச்சினன் மீசையைத் தடவிக்கொண்டார்.

மனைவி இறங்கி வந்து மூட்டையைப் பிரித்தார். உள்ளே பின்கதவுத் தாழ்ப்பாள்.

"வீடு திறந்து கிடக்கு. சீக்கிரம் சுத்துங்க."

முதல் சுற்றுக்கு எஞ்சின் முனகியது. இரண்டாவதில் கைப்பிடி எகிறி மணிக்கட்டைப் பதம் பார்த்தது. மூன்றாவதில் மைதானமே அதிர்ந்தது.

"சாவி எதுக்குத்தான் இருக்கு?" என்று அதிகாரி கத்தினார்.

"கதவைப் பூட்ட சார்!"

அதிகாரி விதிப்புத்தகத்தை இருமுறை புரட்டினார். கிளம்ப வேண்டும் என்றுதான் இருந்தது. எப்படி என்று இல்லை. கையெழுத்துப் போட்டார். "ஒரு வருஷம்தான்."

"அடுத்த வருஷமும் வருவோம் சார். இதுக்கப்புறம் பொறந்த வண்டி எத்தனையோ எடைக்குப் போயாச்சு. இது நிக்குது."

"ஓடுதுன்னு சொல்லுங்க" என்று திருத்தினார் மனைவி.

பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. கைப்பிடி இப்போது சீட்டுக்கடியில். மச்சினன் வீட்டு வாசலிலும் நல்ல சரிவு. மாமா தினமும் செங்கல் ஏற்றிப் போகும்போது லாரியை அங்கே நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடிக்கிறார். ஜன்னல் கொஞ்சம் திறந்து உடனே மூடிக்கொள்கிறது. மூன்று மாதமாகிறது, இடது பாதி இன்னும் பாக்கி.