உடைந்த ஷாஃப்டும் எமரித் தாளும்

உலோகம் படிக்கிறவனுக்குப் புத்தகத்தைவிட, தேய்த்து மெருகேற்றும் எமரித் தாள்தான் அதிகம் தேவைப்படும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பொருளறிவியல் படித்தேன். அதுவரை பழைய புத்தகங்களை வைத்து நானாகக் கற்றதுதான். வேலைக்கும் வகுப்புக்கும் நடுவே பஸ்ஸில் நின்றபடியே தூங்கியவர்களுக்கு இது புரியும்.

கண்ணாடிப் பதம்

இரும்புத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைக்குமுன் ஒரு கீறல்கூட இல்லாமல் தேய்க்க வேண்டும். கீறல் இருக்கிறதென்று பேராசிரியர் மூன்று வாரம் என் துண்டைத் திருப்பித் திருப்பித் தந்தார். வீட்டிலும் உட்கார்ந்து தேய்த்தேன். கடைசியில் அது பளபளத்தபோது, என் மனைவி மும்தாஜ் கையில் வாங்கி, அதில் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அவள் இறந்து பல வருடமாகிறது. அன்று சொன்னது மறக்கவில்லை: “பஜார்ல கண்ணாடியே விக்கிதான். இதுக்கா மூணு வாரமா வெரலத் தேச்சிய?”

துரு

ஆலையில் ஒரு மெஷினின் ஷாஃப்ட் இரண்டாக உடைந்தது. பஞ்சு அடைத்தும் நிறுத்தாமல் ஓட்டினார் என்று, அதை ஓட்டிய செல்லத்துரையை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணையில் வேலையே போகலாம். “பாய், நான் அப்பவே நிறுத்திட்டேன். ஒங்க காலேஜ்ல காட்டிக் கேளுங்க” என்று கெஞ்சினார். மேனேஜரும் சம்மதித்தார்.

ஒரு பாதியை எடுத்தேன். உடைந்த முகத்தில் துரு. அப்படியே கொண்டுபோக வெட்கமாக இருந்தது. எமரித் தாளால் நன்றாகத் தேய்த்து, துடைத்து, காகிதத்தில் சுற்றிப் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “எப்படி உடைஞ்சதுன்னு அந்த முகத்துலதான் இருக்கும். அதைத் தேய்ச்சே அழிச்சிட்டீங்களே.”

மறுபாதி

மறுபாதி இன்னும் பேரிங்குக்குள் கிரீஸோடு மாட்டியிருந்தது. கழற்றி, உடைந்த முகத்தில் விரல்கூடப் படாமல் கொண்டுபோனேன். மண்ணெண்ணெயில் மெல்ல அலசியதும் பேராசிரியர் லென்ஸை என்னிடம் கொடுத்தார். குளத்து நீர் வற்ற வற்றக் கரையில் விழும் கோடுகள் போல வளைவு வளைவாக இருந்தது. ஒவ்வொரு வளைவும் விரிசல் நின்று நின்று நகர்ந்த தடம்; ஒரே நாளில் உடையவில்லை, பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. செல்லத்துரை மேல் குற்றமில்லை.

வளைவுகள் எல்லாம் விளிம்பில் ஒரே இடத்தில் போய்க் கூடின. அங்கே, உளியால் குத்திப் பதித்த ‘8’ என்ற எண்ணின் பாதி. “அந்தப் பள்ளத்துலதான் விரிசல் தொடங்கியிருக்கு. நம்பர் குத்தினது யாரு?” என்றார் பேராசிரியர்.

ஆலையில் எல்லா ஷாஃப்டுக்கும் நம்பர் குத்துவது நான்தான். அழகாகக் குத்துவேன் என்று பெயர். ஆலைக்குக் கொடுத்த அறிக்கையில் அதையும் எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு மெமோ வந்தது. செல்லத்துரை வேலைக்குத் திரும்பிய காலை, நேராக என் பெஞ்சுக்கு வந்தார்.

“வேலை கெடச்சிட்டு பாய். ‘நீரு என்னத்தத்தான் செஞ்சீரு’ன்னு பத்து நாளா வீட்டுக்காரி கேட்டாளே, அதுக்கும் ஒரு டெஸ்ட் இருந்தாச் சொல்லுங்க.”

படிக்க வருகிறவன் முதலில் தன் கைவேலையைத்தான் லென்ஸில் பார்க்க வேண்டிவரும் என்பதை எந்தப் பாடத்திட்டத்திலும் அச்சடித்துத் தருவதில்லை.