பிரியாணிக் கடையில் முடிந்த பார்ட்டிஷன்

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பழைய லேப்டாப். என் வீட்டுக்காரர் தான் கட்டிய கானா பாட்டுகளையெல்லாம் அதில்தான் பதிவுசெய்து வைத்திருந்தார். அவருடைய ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டுமே ஓடும். நான் சேர்ந்திருந்த கம்ப்யூட்டர் வகுப்புக்கோ லினக்ஸ் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் பிடித்திருக்கும் இடத்தைச் சுருக்கி, மிச்சமாகும் பகுதியில் லினக்ஸைப் போட்டுக்கொண்டால் இரண்டும் ஒன்றிலேயே ஓடும், இப்படிப் பிரிப்பதற்குப் பார்ட்டிஷன் என்று பெயர் என்று வகுப்பில் சொன்னார்கள்.

“என் பாட்டுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?” என்று கேட்டார்.

“ஆவாது. பாதில கரண்டு போனாதான் பேஜாரு.”

முடிந்தவரை பாட்டுகளைப் பென் டிரைவில் எடுத்துவைத்தேன். எல்லாம் அதில் அடங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தேன். வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் நீலக்கோடு பாதியைக்கூடத் தொடவில்லை, தலைக்கு மேலே ஃபேன் நின்றது. திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்கக் கரண்டு இல்லை. அந்த பேட்டரியை நம்பி ஒரு சினிமாகூடப் பார்க்க முடியாது.

“பாய் கடைல இன்வெர்ட்டர் கீதுமே!” என்றார் அவர்.

தெருமுனையில் இருந்தது பாயின் பிரியாணிக் கடை. லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். உள்ளே டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்ததால் குலுக்கக் கூடாது. சார்ஜரைத் தோளில் போட்டிருந்த அவர், வெயிலில் திரை தெரியவில்லை என்றதும் குடையைப் பிடித்தார். எங்கள் தெருவில் லாரிகள் பறித்த பள்ளம் ஒன்றா இரண்டா! “பள்ளம் பாத்து, பள்ளம் பாத்து” என்று அவரும், “குடையக் கண்ணுல குத்தாதய்யா” என்று நானும் கத்திக்கொண்டே நடந்தோம்.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலிருந்து கேட்டாள்: “இன்னாக்கா, கொடை புடிச்சி எத்த ஊர்வலம் இட்டுனு போறீங்க?”

“அவரு பாட்டத்தான்!” என்றேன். சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் சிரித்தால் கை ஆடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைக்குள் நுழையும்போது பேட்டரி சிவப்புக்கு வந்திருந்தது.

“பாய், ஒரு பிளக்கு குடு! இதுக்குள்ளதான் என் பாட்டெல்லாம் கீது.”

கல்லாவில் இருந்த பாய் மேசை ஃபேனின் ஒயரைப் பிடுங்கிவிட்டு எங்கள் சார்ஜரைச் செருகினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

“இன்னா பாய், வேவுதுப்பா!”

“பிரியாணியே வெந்துதான வந்துச்சி? நீயும் கொஞ்சம் வேவு.”

விஷயம் தெரிந்ததும், திட்டியவர்களே இலையை விட்டு எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றார்கள். ஊர்ந்து ஊர்ந்து அந்த நீலக்கோடு ஒருவழியாகக் கடைசியைத் தொட்டது. ஆனால் திரும்ப விண்டோஸைத் திறந்தபோது, டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று கறுப்புத் திரை வந்து நின்றது. என் வீட்டுக்காரர் என் தோளை அழுத்திப் பிடித்தார். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல அவருடைய படங்களும் கோப்புகளும் திரையில் வரிசைகட்டின.

அவர் ஒரு பாட்டைத் தட்டிவிட்டார். அவர் குரல் கணீரென்று வந்தது. மேசைகளில் தாளம் விழுந்தது. “இன்னொண்ணு போடு நைனா!” என்று ஒரு பெரியவர் எச்சில் கையோடு ஆடினார். கரண்டு எப்போது வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

நாங்களும் பிரியாணி சாப்பிட்டோம். அதற்குள் லினக்ஸையும் போட்டு முடித்தேன். மறுபடி இயக்கியதும், எது வேண்டும் என்று கேட்டு இரண்டு பெயர்கள் வந்தன.

“மேல கீறது என்னுது. கீழ கீறது உன்னுது” என்றேன்.

“என்னுது ஏன்மே கீழ கீது?”

“வூட்டுலயும் அப்டித்தான நைனா?” என்றார் பாய். கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான்.