படம் பார்த்துவிட்டுக் குளித்த ஊர்

மாமாவின் கைகளை நான் அவ்வளவு பெரிதாகப் பார்த்தது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு படத் திரையிடலில்தான். சின்ன அரங்கு, பல்லைக் கிட்டவைக்கும் ஏசி, திரை முழுக்க இரண்டு கைகள். நகக்கண்ணில் போகாத கிரீஸ் கறை, இடது கட்டைவிரலில் தையல் போட்ட தழும்பு. இரண்டும் சேர்ந்து, உள்ளங்கை மேலே பார்க்க, நீட்டியபடி நின்றன. அசையவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் என் பக்கம் சாய்ந்து, இந்த ஆளை எங்கிருந்துதான் பிடித்தார்களோ, நிஜமாகவே ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி இருக்கிறார் என்றாள். நிஜமாகவே போய்விட்டு வந்தவர்தான், என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் நீட்டிய பாப்கார்னில் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை. சங்ககிரியில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். மாமா லாரி ஓட்டினார். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது, லோடு ஏற்றும் வரிசையில் யார் வண்டி முன்னால் நிற்பது என்று ராசிபுரம் பக்கத்து டிரைவர் பையன் ஒருவனோடு அவருக்கு வாய்த்தகராறு வந்தது. ஒன்றுமில்லாத சண்டை. மாமாவின் கையில் ஜாக்கி ராடு இருந்தது, அதுதான் வினை. பட்டறைக்காரர்கள், கிளீனர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்று எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு ஆள் குறுக்கே விழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பையன் உயிர் போய்விட்டது. அவனுடைய சனங்கள் வந்து உடம்பை வாங்கிக்கொண்டு நேரே தங்கள் ஊருக்குப் போனார்கள். மாமா ஜெயிலுக்குப் போனார்.

எங்கள் பக்கம் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் விட்டால் அப்புறம் சிரித்து மழுப்பிவிடலாம். கேதத்துக்குப் போகாமல் விட்டால் மழுப்ப முடியாது. சாவு வீட்டில் போய்த் துக்கம் கேட்பதைத்தான் கேதம் என்கிறோம். ஆகாதவன் வீடானாலும் போய் நின்றுவிட வேண்டும். துக்கம் கேட்கப் போகிறவர்களை அங்கே யாரும் வாங்க என்று கூப்பிடமாட்டார்கள். போன ஆண்கள் ஒன்றும் பேசாமல் இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டுவார்கள். துக்கத்துக்கு உடையவர் அந்தக் கைகளைத் தொடுவார். அவ்வளவுதான், அதிலேயே எல்லாம் பேசியாகிவிட்டது. கிளம்பும்போது போய்விட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. எழுந்து நடையைக் கட்ட வேண்டும். வீடு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வாசலைத் தாண்டலாம். அந்தப் பையனின் கேதத்துக்கு எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் போகவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்று அம்மா கேட்டாள். ஊரிலும் வீட்டுக்கு வீடு அதையேதான் கேட்டிருப்பார்கள்.

மாமா விடுதலையாகி அம்மா வீட்டுக்கு வந்தபோது நான் கல்யாணமாகிச் சேலத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஆளில்லாமல் நடந்த கல்யாணம் அது. அந்த ஆத்திரம் எனக்கு நிறைய இருந்தது; நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். அவரைப் பார்த்ததும் கேட்க வந்ததெல்லாம் மறந்துவிட்டது. மாமா வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது கதவு நிலவுக்கால் பக்கம் வந்ததும் நின்றுவிடுவார். திறந்து கிடக்கிற கதவுதான். இருந்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நிற்பார். "போ சாமி" என்று அம்மா சொன்னால்தான் கால் நகரும். அம்மா கவனிக்காத சமயங்களில் எவ்வளவு நேரம் நிற்பாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒருநாள் நான் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது எனக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்றிருந்தார். சொம்பைக் கீழே போட்டுவிட்டேன்.

ஊர் அவரை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். டீ வரும், குடிப்பார், வெளியே வருவார், பேச்சு மறுபடி ஆரம்பிக்கும். அந்த நாட்களில்தான் அவர் அம்மாவிடம் வாய்விட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பையனோட அம்மாகிட்டப் போயி ஒருக்கா கை நீட்டீட்டு வந்தர்றேனுங்க்கா. அப்பறம் எனக்கு என்ன ஆனாலுஞ் செரி." அம்மாவுக்குப் பயம். கொன்றவனே கேதத்துக்குப் போகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது, அவர்கள் வெட்டிப் போட்டால் யார் கேட்பது என்று சத்தம் போட்டு அடக்கிவிட்டாள். மாமா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மனசில் வேறெதுவும் ஓடவில்லை என்று அவர் சோறு தின்கிற விதத்திலேயே தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து அந்தத் தாடிக்கார டைரக்டர் தம்பி வந்து சேர்ந்தான். கையில் பெரிய பணமில்லை, பெரிய நடிகர் இல்லை, ஒரு கேமராவும் ஐந்தாறு சிநேகிதர்களும். ஜெயிலிலிருந்து வந்த ஒருவன் தன் ஊரிலேயே பேயாய் அலைகிறான், கடைசியில் தன்னால் செத்தவனின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான், கதவு திறக்கவில்லை. இதுதான் கதை. சங்ககிரி மலைக்கோட்டை அடிவாரத்தில் படத்துக்கு வீடு தேடி வந்தவன் எங்கள் வாசலில் மாமா நிற்கும் நிலையைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டானாம். விஷயம் தெரிந்ததும் போனில் அவனைப் பிடித்து நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஏனுங்க தம்பி, உங்களுக்குப் பொழுது போக எங்க மாமன்தான் கிடைச்சாரா என்றேன். மாமா மட்டும் ஒரு நிபந்தனையும் இல்லாமல் சரி என்றுவிட்டார். ஏன் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

கடைசிக் காட்சி எடுக்கும்போதுதான் முரண்டு பிடித்தாராம். கதவைத் தட்டமாட்டேன் என்றுவிட்டார். "தட்டறதுக்கு எனக்கென்னங்க பாத்தியம் இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். கேமரா கதவுக்கு உள்பக்கம், சன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா சாத்திய கதவின் முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். டைரக்டர் தம்பிக்கு ஒரே சந்தோஷம். நிறுத்தச் சொல்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தானாம்.

ஃபேர்லேண்ட்ஸில் படம் முடிந்ததும் கைதட்டல். அப்புறம் மைக்கைக் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். ஒருவர் எழுந்து, அந்த மனிதன் வெளியே வந்தும் மனசில் விலங்கு கழலவில்லை, அதனால்தான் விலங்கு மாட்ட நீட்டுவதுபோலக் கைகளை நீட்டுகிறான் என்றார். நல்ல கைதட்டல். இன்னொருவர், சமூகத்திடம் அன்பைப் பிச்சை கேட்கிறான் என்றார். அதற்கும் கைதட்டல். நடக்கிற காட்சிகளில் பாதியை வெட்டியிருக்கலாம் என்று ஒரு பெரியவர் கொட்டாவி விட்டார். டைரக்டர் தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவனுக்கே அது என்னவென்று தெரியவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கைவிலங்காம்! சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இன்றைக்குக் கைபேசியில் அந்தப் படத்தைப் போட்டால் கீழே அதையேதான் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் சங்ககிரியில் ஒரு மேட்னி ஷோ. படமெடுக்க உதவிய ஊருக்கு மரியாதை என்று டைரக்டர் தம்பி தியேட்டரைப் பேசி வாங்கியிருந்தான். மாமாவிடம் பேசாத ஊர், மாமாவைப் பார்க்கத் திரண்டு வந்தது. எங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்கவா வேண்டும். ஆரம்பத்தில் ஒரே விசில். எடைமேடை வந்தால் விசில், மலை வந்தால் விசில், யாருடைய லாரியோ குறுக்கே போனால் அதற்கொரு கூச்சல். மாமா உள்ளே வரவில்லை. அம்மா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு வெளிக்கேட்டுப் பக்கம் நின்றுகொண்டார்.

திரையில் மாமா டீக்கடைக்குள் நுழைந்தார். அங்கே பேச்சு நின்றது. அரங்கத்திலும் நின்றது. ஏனென்றால் திரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் யாரும் நடிகர்கள் இல்லை, இங்கே உட்கார்ந்திருந்தவர்கள்தான். அவர்களை யாரும் நடிக்கச் சொல்லவில்லை. கேமராவை ஓரமாக வைத்துவிட்டு மாமாவை உள்ளே அனுப்பியிருக்கிறான் டைரக்டர் தம்பி. ஒவ்வொருவரும் தான் தலையைத் திருப்புவதைத் தானே பார்த்தார்கள். அதற்குப் பின் விசில் இல்லை. அழுதுகொண்டிருந்த குழந்தைகள்கூட அடங்கிவிட்டன. ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் அந்தக் கைகள். ஃபேர்லேண்ட்ஸில் அவை கதவை நோக்கி நீண்டதாக நினைத்திருந்தேன். இங்கே பார்த்தால் எங்களை நோக்கித்தான் நீண்டிருந்தன. எனக்கு முன்வரிசையில் இருந்த வயதான மெக்கானிக், அன்றைக்குச் சண்டையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பெண்கள் பக்கம் ஒவ்வொருவராக முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரை இருண்டு விளக்கு வந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்தது. ஒரு சொல் இல்லை. செருப்புச் சத்தம் மட்டும் வாசலை நோக்கிப் போனது. வெளிக்கேட்டில் நின்ற மாமாவைக் கடந்து, தலை குனிந்தபடி எல்லாரும் போனார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட ஒருவருக்கொருவர் வாரேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. டைரக்டர் தம்பியின் முகம் செத்துப்போயிருந்தது. யாருக்குமே பிடிக்கலையா அக்கா என்று கேட்டான். எனக்கும் ஊர்மேல் ஆத்திரம்தான். இந்தச் சனங்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று பொருமிக்கொண்டே அம்மாவோடு நடந்தேன்.

எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வெயில் இன்னும் தாழவில்லை. ஒரு வீட்டின் பக்கவாட்டில் மொண்டு ஊற்றுகிறார்கள், அடுத்த வீட்டிலும் ஊற்றுகிறார்கள், அதற்கடுத்த வீட்டிலும். குழாயில் தண்ணீர் வராத நாள் அது. சேர்த்து வைத்த தண்ணீரை யாரும் வீணாக்கமாட்டார்கள். வாசல்களில் ஈரத் தலையோடு பெண்கள் நின்றார்கள். தெரு முழுக்கத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். எந்த வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று ஒரு கணம் நிஜமாகவே தேடினேன். அம்மா நேரே கொல்லைப்பக்கம் போய், தொட்டியிலிருந்து மொண்டு கட்டிய சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலைத் தாண்டாமல்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மாமா மெல்ல வந்து சேர்ந்தார். அந்தத் தெரு முழுவதையும் கடந்துதான் வந்திருக்க வேண்டும். அம்மாவின் ஈரத் தலையைப் பார்த்தார்.

"ஊரே தலைக்கு ஊத்தீட்டு நிக்குது. யாருக்குங்க்கா? எனக்கா?"

"உனக்கு ஏஞ்சாமி ஊத்தறோம்? அந்தப் பையனுக்கு. இத்தன வருசங் கழிச்சு இன்னிக்குத்தான் எல்லாருங் கேதத்துக்குப் போயிட்டு வந்திருக்கறோம்" என்றாள் அம்மா.

மாமா தொட்டிப் பக்கம் போனார். அப்புறம் தானும் ஊற்றிக்கொள்ளலாமா என்று சின்னக் குரலில் கேட்டார். அம்மா சொம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ இன்னும் போகவே இல்லியே. போயிட்டு வா. வந்தீன்னா நானே ஊத்தியுடறேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் மாமா ராசிபுரம் பக்கம் போனார். நான் கூட வருகிறேன் என்றேன். கேதத்துக்குத் துணை எதற்கு என்றுவிட்டார். அன்றைக்கு அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை. போகச் சொன்னவளும் அவள்தான், ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தவளும் அவள்தான். எனக்கு வெட்டு, குத்து, போலீஸ் என்று என்னென்னவோ ஓடியது. சாயங்காலம் கேட்டருகே நிழல் தெரிந்தது. மாமா உள்ளே வராமல் வெளியே நின்றிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அம்மா குடத்தையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு போனாள்.

கோர்ட்டில் பார்த்த முகம் அந்தப் பையனின் அம்மாவுக்கு மறக்கவில்லையாம். பார்த்ததும் எழுந்து வந்து நிலவுக்கால் பக்கம் நின்றார்களாம். மாமா கை நீட்டியிருக்கிறார். அவர்கள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"தொட்டாங்களா?"

"இல்லீங்க்கா."

"கதவச் சாத்துனாங்களா?"

"சாத்துல. உள்ள போயி உக்காந்துக்கிட்டாங்க. ரோட்டுக்கு வந்து திரும்பிப் பாத்தேன். தெறந்தேதான் கெடந்துச்சு."

அம்மா குடத்தின் விளிம்பைப் பிடித்தபடி யோசித்தாள். அவள் என்ன சொல்வாளோ என்று மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜட்ஜ் முன்னால்கூட அப்படி நின்றிருக்கமாட்டார்.

"சாத்துலீன்னாப் போதும்" என்றாள். "குனி சாமி."

முதல் சொம்பு தலையில் விழுந்ததும் மாமா வாய்விட்டு அழுதார். ஜெயிலுக்குப் போனபோதும் அழாதவர், திரும்பி வந்தபோதும் அழாதவர், நடுத்தெருவில் குனிந்து நின்று சின்னப் பிள்ளைபோல அழுதார். சத்தம் கேட்டு வீட்டுக்கு வீடு வெளியே வந்து நின்றார்கள். குடத்தில் தண்ணீர் தீரும் நேரம். எதிர்வீட்டு அம்மா உள்ளே போய், தளும்பத் தளும்ப ஒரு குடத்தைத் தூக்கிவந்து அம்மாவின் பக்கத்தில் இறக்கிவைத்தார்.

"தண்ணி பத்துலீன்னாக் கேளுங்க" என்றார்.