கொடிக்காரர் தட்டாத கதவு

கூட்ஸ் வண்டியின் விசில் கேட்டால் அந்தத் தெருவில் எல்லாரும் வாசலுக்கு வருவார்கள். தையல்காரம்மா மட்டும் ஜன்னலுக்குப் போவாள். மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தி, உதட்டில் கவ்வியிருந்த நூலை எடுத்துவிட்டு, ஒரு கண்ணுக்கு இடம் கிடைக்கும் அளவுக்குத் திரையை விலக்கிக்கொண்டு நிற்பாள். கடைசிப் பெட்டி தாண்டியதும் திரையை இழுத்துவிட்டு மறுபடி தைக்க உட்காருவாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இதுதான் வழக்கம்.

பெரிய ஸ்டேஷனிலிருந்து பிரிந்து சிமெண்ட் ஆலைக்குப் போகும் கிளைப் பாதை அது. தெருவுக்குள்ளேயே தண்டவாளம். பெட்டிகளுக்கும் வாசற்படிகளுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கலாம், அவ்வளவுதான் இடம். அதனால் வண்டி நடை வேகத்தில்தான் வரும். அதற்கு முன்னால் சிவப்புக் கொடியும் விசிலுமாக ஒருவர் நடந்து வருவார். குறுக்கே நிற்கும் சைக்கிள், காயப்போட்ட துணி, ஆடு, அரட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவது அவர் வேலை. கொடிக்கம்பால் ஒவ்வொரு கதவையும் தட்டி, "வண்டி வருது, வண்டி வருது" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார். தெரு அவரைக் கொடிக்காரர் என்றது. தையல்காரம்மாவுக்கு அவர் கணவர்.

எதிர்வீட்டுக்காரிக்கு ரேடியோ என்று பட்டப்பேர். அவள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் ஊருக்கே ஒலிபரப்பாகிவிடும். கொடிக்காரர் வந்தால் அவளுக்குக் கொண்டாட்டம்.

"என்ன அண்ணே, மூக்கணாங்கயிறு கூடப் போடாம ஓட்டிட்டு வர்றீங்க?"

"சாதும்மா அது. முட்டாது."

தெருவே சிரிக்கும். அவரும் சிரிப்பார். திரைக்குப் பின்னால் நிற்பவளுக்கு மட்டும் காது மடல் சூடேறும்.

அவள் அதிகம் படித்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி மெஷினில் உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ரயிலில் வேலை என்று கேட்டபோது, எஞ்சின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போகும் ஒருவரை மனசில் வரைந்துவைத்திருந்தாள். வந்தவர் ரயிலுக்கு முன்னால் ஆடு விரட்டினார். முதல் தடவை அவர் தன் வீட்டுக் கதவையும் தட்டி, புதுப்பெண்டாட்டியைப் பார்த்து, "வண்டி வருதுங்க" என்று சொல்ல, தெரு கைதட்டிச் சிரித்தது. அன்று மாலையே அவள் சொல்லிவிட்டாள்:

"எல்லார் வீட்டையும் தட்டுங்க. நம்ம வீட்டை மட்டும் விட்டுடுங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"அவ்வளவுதானே? விட்டுட்டேன் போ" என்றார் அவர். ஏன் என்று கேட்கவில்லை.

ஆனாலும் வண்டியைப் பார்ப்பதை அவளால் விட முடியவில்லை. நிலக்கரியோடு ஆலைக்குப் போகும்போது பெட்டிகள் வயிறு நிறைந்தவர்கள் மாதிரி முனகிக்கொண்டு போகும். காலியாகத் திரும்பும்போது, கழுவிய பாத்திரங்களைக் கூடையில் போட்டுக் குலுக்கினாற்போல லொடலொடக்கும். ஆணியில் தொங்கும் கத்தரிக்கோல் ஆடும். அத்தனை பெரிய உருவம் அவர் நடந்தால் நடந்து, அவர் நின்றால் நின்று, அவர் முதுகுக்குப் பின்னாலேயே வரும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரே மகள் படித்து மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையனின் அம்மா போனில் பேசும்போது, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்று கேட்டாள். "எஞ்சின் டிரைவர்" என்று இவள் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நேரில் பார்க்கும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவர்களோ ஒரு பகலில், "இந்தப் பக்கமா வந்தோம், அப்படியே எட்டிப் பார்த்துட்டுப் போகலாம்னு" என்று வந்து நின்றார்கள். மகள் கடையில் இருந்தாள். கணவர் டியூட்டியில். தைத்துக் குவித்திருந்த தலையணை உறைகளை அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ போட ஓடியவளுக்குப் பையனின் அப்பா காரை எங்கே நிறுத்தினார் என்று பார்க்கத் தோன்றவில்லை. வீட்டோரச் சந்துக்குள் முன்பக்கத்தை நுழைத்திருந்த அதன் பின்பக்கம் தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

விசில் கேட்டது. கதவுகள் தட்டப்படும் ஓசை ஒவ்வொரு வீடாக நெருங்கி, பக்கத்து வீட்டோடு நின்றது. எஞ்சினும் நின்றது. ஒரு கதவைத் தட்டினால் தீர்ந்துபோகும் விஷயம். அவர் தட்டவில்லை. ஹாரன் அலறியது. டம்ளர்கள் தட்டில் நடுங்கின.

"யாருப்பா கார் வெச்சது?" என்று ரேடியோவின் குரல். பையனின் அப்பா, அந்தப் பெரியவர், எழுந்து வெளியே போனார். தையல்காரம்மா டீத் தட்டோடு, வழக்கம்போல, ஜன்னலுக்குப் போனாள்.

"யோவ், எதுக்குய்யா இப்படி ஹாரன் அடிக்கிறீங்க? ஓரமா ஒதுங்கிப் போகச் சொல்லு!"

"அது ஒதுங்காதுங்களே சார். காரைத்தான் கொஞ்சம் முன்னாடி எடுக்கணும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர் முகம் சிவந்துவிட்டது. "யார் வீட்டு வாசல்ல நின்னு நக்கல் பண்றே தெரியுமா? இந்த வீட்டுக்காரர் எஞ்சின் டிரைவர். ஒரு வார்த்தை சொன்னேன்னா நாளைக்கு உன் கையில கொடி இருக்காது."

ரேடியோ வாயைத் திறந்தாள். இந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். கொடிக்காரரும் ஜன்னலைப் பார்த்தார். திரை அசைந்திருக்க வேண்டும்.

"வேண்டாம் சார்" என்றார். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

கதவு பக்கத்தில்தான் இருந்தது. திறந்து, "இவர்தாங்க அவர்" என்று சொன்னால் போதும். அவள் திறக்கவில்லை. கார் நகர்ந்தது. விசில் ஒலித்தது. பெட்டிகள் போயின. அன்றுதான் அவள் முதன்முறையாக வண்டியைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியவர் உள்ளே வந்து, "இப்படிப்பட்ட ஆளுங்களை வெச்சுக்கிட்டு உங்க வீட்டுக்காரர் பாடு கஷ்டம்தான்" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அவள்.

மாலையில் கணவர் வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். "காருக்கு ஒரு கீறல்கூட விழல" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நல்ல மனுஷங்களாத்தான் தெரியுது. கல்யாணத்தன்னைக்கு எனக்கு லீவு கிடைக்கலன்னு வேணா சொல்லிக்கலாம்மா" என்றார். குத்திக் காட்டவில்லை. மெய்யாகவே யோசித்துத்தான் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

அவர் எதிரிலேயே போனை எடுத்தாள். "காரை எடுக்கச் சொன்னாரில்லைங்களா, அவர்தான் என் வீட்டுக்காரர். டிரைவர்னு நான்தான் பொய் சொன்னேன்" என்றாள். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

சில நாள் கழித்துப் பெரியவர் வந்தார். காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். "வாய் தவறிப் பேசிட்டேன் சம்பந்தி" என்று கொடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க. டிரைவரை உசத்தியாத்தானே பேசினீங்க" என்று இவர் சிரித்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் கொடிக்காரர். பெரியவர் கேட்ட மன்னிப்பைத் தையல்காரம்மாவுக்கு இன்னும் கேட்க வரவில்லை. பல தடவை கணவர் எதிரில் போய் நின்று, "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஒருநாள், "இனிமே நம்ம கதவையும் தட்டுங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

"கைப்பழக்கம் விட்டுப்போச்சும்மா" என்றார் அவர்.

இப்போதெல்லாம் விசில் கேட்டால் அவள் ஜன்னலுக்குப் போவதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படியில் நிற்கிறாள். அவர் பக்கத்து வீட்டைத் தட்டிவிட்டு, கொடிக்கம்பைத் தாழ்த்திக்கொண்டு அவளைக் கடந்து போய், அதற்கடுத்த வீட்டைத் தட்டுகிறார்.