‘வருது’ என்றால் பிரேக்

என் தங்கைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கால்தான் அழுந்தும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வருஷத்தில் தன்னிடம் படித்த ஒருவர்கூட லைசென்ஸ் டெஸ்டில் தோற்றதில்லை என்று பீற்றிக்கொள்வாள். பள்ளியின் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பதும், யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று எழுதுவதும் நான். அதனால் அந்தப் பெருமையைத் தினமும் கேட்கும் தண்டனையும் எனக்கே.

எங்கள் அம்மா மார்பகப் புற்றுநோயில் போனாள். நாலு வருஷத்துக்கு முன் எனக்கும் வந்து, இடது மார்பை எடுத்தார்கள். டாக்டர் தங்கையையும் கூப்பிட்டுச் சோதித்துவிட்டு, “உங்களுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா வராம தடுக்க தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷம் எடுத்துக்குங்க” என்றார். “அவ்வளவுதானே!” என்றாள் இவள், ஏதோ சத்து மாத்திரை மாதிரி.

இரண்டாவது வாரமே ஆட்டம் ஆரம்பித்தது. கழுத்தில் கிளம்பும் சூடு காது வரை ஏறும். சட்டை தொப்பலாக நனைந்துபோகும். கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும். வெளியே குளிர் வெடவெடக்க, காரில் நாலு கண்ணாடியும் இறங்கியிருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஸ்வெட்டர், மஃப்ளர், கையுறை சகிதம் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் போனில், “உங்க ஸ்கூல்ல பனிமலையில ஓட்டவும் சேர்த்தே சொல்லித் தர்றீங்களா?” என்று விசாரித்தார்.

வினை ஒரு சொல்லில்தான் இருந்தது. சூடு கிளம்பும்போதெல்லாம் அவள் தன்னையறியாமல் “ஐயோ, வருது வருது” என்பாள். அப்போது படித்துக்கொண்டிருந்தவர் ஒரு சரித்திர வாத்தியார். சொன்ன சொல்லைத் தட்டாதவர். லாரிதான் வருகிறது என்று நினைத்து பிரேக்கை மிதிப்பார். காலி ரோட்டில் கார் குலுங்கி நிற்கும்.

“என்ன மேடம் வருது?”

“ஒண்ணும் வரல. நீங்க போங்க சார்.”

ஒரு வகுப்பில் ஆறு தடவை இந்தக் கூத்து. விளக்கிச் சொல்ல இவளுக்குக் கூச்சம், கேட்க அவருக்குப் பயம். கடைசியில் அவர் கால் தானாகவே பழகிவிட்டது.

டெஸ்ட் அன்று பக்கத்தில் இன்ஸ்பெக்டர். வாத்தியார் வளைவெல்லாம் அழகாகத் திரும்பி, நேர்ரோட்டுக்கு வந்து சேர்ந்தார். இன்ஸ்பெக்டரின் பையில் ஏதோ அதிர்ந்தது. “ஒரு நிமிஷம், போன் வருது” என்றார் பாவம். நட்டுவைத்தது மாதிரி கார் நின்றது. போன் பறந்துபோய்க் கண்ணாடியில் மோதியது. இன்ஸ்பெக்டரின் மூக்குக்கண்ணாடி வாத்தியார் மடியில் கிடந்தது. வாத்தியார் ஃபெயில்.

நான் இரண்டு நாள் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். கார்க் கண்ணாடிகள் மூடியிருந்தன. உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டது என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். பிறகு ஒருநாள் கார் சாவிக்காக அவள் கைப்பையைத் துழாவினால், அந்த மாத மாத்திரை அட்டை ஒன்றுகூடக் குறையாமல் கிடக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் போட்டேன். “அவங்களா நிறுத்தினா எப்படிங்க? முதல் சில மாசம் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்க, வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. அளவைக் குறைக்க முடியுமான்னு டாக்டர் பாப்பாரு. தாங்க முடியலன்னா சொல்லணும், ஒளிக்கக் கூடாது” என்றார்.

தங்கை வகுப்பு முடித்து வந்ததும் அட்டையை மேசையில் விட்டெறிந்தேன். “ஏண்டி, ஒரு வாத்தியார் ஃபெயிலானதுக்கா உசுரோட விளையாடுற?”

“அதுக்கில்லக்கா.”

“பின்ன எதுக்கு?”

“உனக்கு மார்பையே எடுத்தாங்க. நீ ஒரு வார்த்தை புலம்பல, ஜோக்கடிச்சுக்கிட்டே இருந்த. உன் முன்னாடி வந்து நின்னு, எனக்கு வேர்க்குதுக்கா, கால் வலிக்குதுக்கான்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

நான் புலம்பாதது தைரியத்தால் இல்லை. இவள் பயந்துவிடக் கூடாதே என்றுதான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் நான். அதை முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். “உனக்கும் வந்துட்டா நான் தாங்க மாட்டேண்டி. பயமா இருக்கு. நீ புலம்பு. எவ்வளவு வேணா புலம்பு.”

சொல்லியிருக்கக் கூடாதோ என்று சீக்கிரமே தோன்றியது. ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கழுத்து, கெண்டைக்கால், மறதி, தூக்கம், டாக்டர், வாத்தியார், என் ஜோக்குகள், மறுபடியும் என் ஜோக்குகள். இரண்டு தடவை போன் அடித்தது, நான் எடுக்கவில்லை. நடுவில் எனக்கு நல்ல ஜோக் ஒன்று தோன்றியது, அதையும் விழுங்கிக்கொண்டேன்.

முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள்.

“தண்ணி குடுக்கா” என்றாள்.